வயது போனால் வாசித்தது நிற்காதா?

"சாமி, இந்தத் தாளை மூணு தடவ வாசிச்சேன். படுத்து எழும்பினா ஒன்னும் இல்ல. தலைக்குள்ள ஓட்டை விழுந்துருச்சு போல."

கேகாலை மாவட்டத்தில், மண்சரிவு ஆபத்தினால் லயன்களை விட்டு வெளியேறிய குடும்பங்களின் கூட்டமொன்றில் ஒரு தாய் இவ்வாறு கூறினார். வயது அறுபத்து மூன்று. முப்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து பறித்தவர். லயனுக்குக் கீழே இருந்த துண்டு நிலத்தில் மரக்கறி பயிரிட்டுப் பிள்ளைகளை ஆளாக்கியவர். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். கையில் இருந்தது, புதிதாகக் கிடைக்கவிருந்த காணித் துண்டின் நிபந்தனைகளைக் கூறும் ஒரு தாள்.

அருகில் இருந்த மருமகள் உடனே சொன்னார்: "மாமிக்கு வயசாயிருச்சு சாமி. சொன்னாலும் நிக்காது. கையெழுத்து வைக்கச் சொன்னா வைப்பாங்க. விஷயத்த எங்கிட்ட சொல்லுங்க."

மருமகள் கெட்ட எண்ணத்துடன் அப்படிச் சொல்லவில்லை. மாமியாரின் பாரத்தைக் குறைக்கவே நினைத்தார். ஆனால் அன்றிலிருந்து நான் கவனித்துப் பார்த்ததில், எமது குடும்பங்கள் பலவற்றில் இது ஒரு வழக்கமாகவே மாறியிருக்கிறது. விடயம் இளையவருக்கு, கையெழுத்து முதியவருக்கு. யாருடைய பெயரில் காணி இருக்கிறதோ, யாருடைய பெயரில் கடன் எழுதப்படுகிறதோ, அவருக்கே அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. "நினைவில் நிற்காது" என்ற ஒரு சொல்லை வைத்தே அவரை ஒதுக்கிவிடுகிறோம். பல வேளைகளில் அவரே தம்மை ஒதுக்கிக் கொள்கிறார்.

இது சரிதானா? வயது ஏறும்போது, வாசித்ததை நினைவில் வைக்கும் ஆற்றலுக்கு உண்மையில் என்ன நடக்கிறது? இதை ஆராய்ந்தவர்கள் கண்டறிந்தவற்றுள் எமக்குப் பயன்படக் கூடியவற்றை இங்கு பார்ப்போம்.

மறதி எல்லோருக்கும் உரியது

முதலில் ஒரு ஆறுதல். வாசித்தது மறந்து போவது முதுமையில் மட்டும் வரும் குறை அல்ல.

ஜேர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்பவர் தம்மைத் தாமே சோதித்து, 1885ஆம் ஆண்டு ஒரு நூலை வெளியிட்டார். சோதனைகளைச் செய்தபோது அவருக்கு வயது முப்பதை ஒட்டியது. பொருளில்லாத அசைகளை வரிசையாக மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்தார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. அதன் பிறகு மறதியின் வேகம் குறைந்தது. ஒரு மாதம் கழிந்தும் ஐந்தில் ஒரு பங்கு அளவு எஞ்சியிருந்தது.

இளமையும் கல்வியும் உள்ள ஒருவருக்கே இந்த நிலை என்றால், ஒரு தாளை இரவில் வாசித்துவிட்டுக் காலையில் மறந்த தாய் வெட்கப்படத் தேவையில்லை. மறதி முதல் நாளில்தான் மிக வேகமாக வேலை செய்கிறது. இதை மனதில் வைத்துக் கொள்வோம். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

முதல் தடை கண்ணில் இருக்கிறது

ஒரு செய்தி நினைவில் நிற்க வேண்டுமானால் முதலில் அது சரியாக உள்ளே போக வேண்டும். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு இங்கேயே ஒரு தடை உண்டு. கண்ணில் உள்ள வில்லை இறுகி வருவதனால், கிட்ட உள்ள எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன. இது நோய் அல்ல. நரை விழுவது போல எல்லோருக்கும் வருவது. தாளைத் தூரத்தில் பிடித்து வாசிப்பவர்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

எழுத்தைக் கண்டுபிடிப்பதிலேயே மனதின் வலு முழுவதும் செலவானால், பொருளை விளங்கிக் கொள்ள மிச்சம் எதுவும் இருப்பதில்லை. வாசித்து முடித்ததும் "ஒன்றும் நிற்கவில்லை" என்கிறோம். உண்மையில் ஒன்றும் உள்ளே போகவே இல்லை.

இதற்கு எங்களைப் போன்ற தோட்ட மக்களிடமிருந்தே ஒரு சான்று கிடைத்திருக்கிறது. இந்தியாவின் அசாம் மாநிலத் தேயிலைத் தோட்டங்களில், நாற்பது வயதும் அதற்கு மேலும் உள்ள 751 தொழிலாளர்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு 2018இல் வெளியானது. குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்குக் கிட்டப் பார்வைக் கண்ணாடி வழங்கப்பட்டது. மற்றவர்களுக்கு ஆய்வு முடிந்த பின்னரே கொடுக்கப்பட்டது. கண்ணாடி பெற்றவர்கள் நாளொன்றுக்குப் பறித்த கொழுந்து 25 கிலோவிலிருந்து 34.8 கிலோவாக உயர்ந்தது. மற்றவர்களுக்கு அது 26 கிலோவிலிருந்து 30.6 கிலோவாக மட்டுமே உயர்ந்தது. கொழுந்து மாதத்தின் பயன் இரு சாராருக்கும் கிடைத்தது. அதற்கு மேல் கிடைத்தது கண்ணாடியின் பயன்.

அந்த ஆய்வு பறிப்பதைப் பற்றியது, வாசிப்பதைப் பற்றியது அல்ல. ஆனால் இரண்டு இலையையும் மொட்டையும் கிட்டப் பார்க்கும் அதே கண்தான் எழுத்தையும் பார்க்கிறது. கொழுந்தைக் கை பழக்கத்தினாலும் தடவிப் பறிக்கலாம். எழுத்தைத் தடவி வாசிக்க முடியாது. ஆகவே "எனக்கு நினைவு போய்விட்டது" என்று சொல்வதற்கு முன், கண்ணைச் சோதித்துக் கொள்ள வேண்டும். கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தால் அதற்கும் சிகிச்சை உண்டு. காதும் அப்படித்தான். பிறர் வாசித்துக் காட்டுவதைக் கேட்டு அறிபவருக்கு, பாதி சொல் காதில் விழாவிட்டால் பாதி செய்தி போய்விடும்.

வேகம் குறைகிறது, சொல்லறிவு குறைவதில்லை

கண்ணைச் சரிசெய்த பிறகும் ஒரு மாற்றம் எஞ்சியிருக்கிறது. அது வேகத்தில் ஏற்படும் மாற்றம்.

வோர்னர் ஷாய் என்ற உளவியலாளர் 1956ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 500 பேருடன் ஒரு நீண்ட ஆய்வைத் தொடங்கினார். ஏழு வருடங்களுக்கு ஒருமுறை அவர்கள் மீண்டும் சோதிக்கப்பட்டார்கள். புதியவர்களும் சேர்க்கப்பட்டார்கள். விரைவாகப் பார்த்து விரைவாக விடை சொல்லும் திறன் இளம் பருவத்திலிருந்தே மெல்லக் குறைந்து வந்தது. ஆனால் சொற்களின் பொருளை அறியும் திறன் நடு வயதில் வளர்ந்து, முதுமையின் தொடக்கம் வரை நன்றாகவே நின்றது. ஆளுக்கு ஆள் வேறுபாடும் பெரிதாக இருந்தது. எழுபது வயதிலும் தளராதவர்கள் பலர் இருந்தார்கள்.

வேகம் குறைவதனால் வாசிப்புக்கு என்ன நேர்கிறது? ஒரு நீண்ட வசனத்தை எடுத்துக் கொள்வோம். அதன் கடைசிச் சொல்லுக்கு வரும் வரை முதற் சொல்லை மனதில் பிடித்திருக்க வேண்டும். கை நிறையச் சாமான்களுடன் மலைப் படியில் ஏறுவது போன்றது இது. இளையவர் நாலைந்தைப் பிடித்துக்கொண்டு ஓடி ஏறிவிடுவார். முதியவர் மெதுவாக ஏறுவதால், உச்சிக்கு வருமுன் ஒன்றிரண்டு கைநழுவி விழுகின்றன. சாமானைச் சிறு கட்டுகளாகக் கட்டிக் கொடுத்தால் அவரும் எல்லாவற்றையும் கொண்டு சேர்ப்பார்.

அரசாங்கத் தாள்களில் வரும் வசனங்களோ அரைப் பக்கம் நீளமானவை. அத்துடன், இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் எமது மக்களுக்கு வரும் தாள்களில் பல சிங்களத்தில் இருக்கின்றன. பேச்சுச் சிங்களம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் அலுவலகச் சிங்களம் கடினம். மொழியை விளங்கிக் கொள்ளவே மனம் களைத்துப் போனால், பொருள் எப்படி நிற்கும்? இதில் குறை முதியவரின் தலையில் இல்லை. அரசியலமைப்பின் 1988ஆம் ஆண்டு 16ஆம் திருத்தத்தின்படி, சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பகுதிகளிலும் அரச அலுவலரிடமிருந்து தமிழில் தொடர்புகளைப் பெற எமக்கு உரிமை உண்டு. தமிழில் தாருங்கள் என்று கேட்பது நினைவுக்கும் செய்யும் உதவி.

எழுத்து போகும், பொருள் நிற்கும்

வாசித்ததை எவரும் அப்படியே சேமித்து வைப்பதில்லை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பார்ட்லெட் என்ற பேராசிரியர், வட அமெரிக்கப் பூர்வீகக் குடிகளின் கதையொன்றைப் பலருக்கு வாசிக்கக் கொடுத்தார். நாட்கள் கழித்துத் திரும்பச் சொல்லக் கேட்டார். தங்களுக்குப் பழக்கமில்லாத பகுதிகளை அவர்கள் விட்டுவிட்டார்கள், அல்லது தங்கள் ஊர் வழக்கத்துக்கு ஏற்ப மாற்றிவிட்டார்கள். 1932இல் அவர் இதை நூலாக எழுதினார். நாம் நினைவு கூரும்போது, நமக்கு ஏற்கெனவே தெரிந்தவற்றைக் கொண்டு கதையைத் திரும்பக் கட்டுகிறோம் என்பதே அதன் சாரம்.

வயது ஏறும்போது இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. திகதி, தொகை, பெயர், இலக்கம், சொல்லுக்குச் சொல் வாசகம் ஆகியவை முதலில் நழுவுகின்றன. மொத்தப் பொருள் நின்றுவிடுகிறது. வாழ்க்கை அனுபவத்தோடு ஒட்டக் கூடிய செய்தி என்றால், அது முதியவரிடம் இன்னும் நன்றாக நிற்கிறது.

அலன் காஸ்டல் என்ற ஆய்வாளர் 2005இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதற்கு நல்ல உதாரணம். கடைச் சாமான்களின் விலைகளை இளையவர்களுக்கும் முதியவர்களுக்கும் காட்டினார். சில விலைகள் சந்தையில் உள்ளவை போன்றவை. சில நடைமுறைக்கு ஒவ்வாதவை. நடைமுறை விலைகளை நினைவு கூர்வதில் முதியவர்கள் இளையவர்களுக்குச் சளைக்கவில்லை. ஒவ்வாத விலைகளில்தான் பின்தங்கினார்கள். பருப்பு விலை, மா விலை என்று வாழ்நாள் முழுவதும் கணக்குப் பார்த்த மனதில், பொருத்தமான விலை ஒட்டிக் கொள்கிறது. ஒட்டுவதற்கு இடமில்லாதது விழுந்துவிடுகிறது.

எமக்கு உயிரோடு தொடர்புடைய ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். 2016ஆம் ஆண்டு மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போயினர். அதே நாளில் புளத்கொஹுபிட்டிய, களுபஹனவில் தோட்ட லயன் வீடுகள் மண்ணில் புதைந்தன. மண்சரிவு பற்றிய தாள்களில் மூன்று இலக்கங்களைக் காணலாம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாய் இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றர் என்றால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீற்றர் என்றாலோ, ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தாலோ வெளியேறிவிட வேண்டும். எச்சரிக்கையின் நிறங்கள் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு.

இந்த இலக்கங்களை எழுபது வயதுத் தாத்தாவிடம் ஒரு மாதம் கழித்துக் கேட்டால் குழப்பிச் சொல்லலாம். அதற்காக "தாத்தாவுக்கு ஒன்றும் தெரியாது" என்று முடிவு செய்யக் கூடாது. மஞ்சள் என்றால் பார், செம்மஞ்சள் என்றால் மூட்டையைக் கட்டு, சிவப்பு என்றால் இறங்கு. இது அவரிடம் நிற்கும். நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று என்ற அடையாளங்களையும் அவர் மறக்க மாட்டார். அவற்றைக் கண்ணால் கண்டவர் அவர். இலக்கங்கள் சுவரில் இருக்கட்டும். பொருள் மனதில் இருக்கட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற தொலைபேசி இலக்கமும் அதே சுவரில் இருக்கட்டும்.

யார் சொன்னது என்பது முதலில் மறக்கும்

இனி ஓர் எச்சரிக்கை. வயது ஏறும்போது ஒரு செய்தி நினைவில் நின்றாலும், அதை எங்கே வாசித்தோம், யார் சொன்னார், "உண்மை" என்று சொன்னாரா "பொய்" என்று சொன்னாரா என்பவை எளிதில் கழன்று போகின்றன.

இதை நான் சொந்தத் தவற்றினால் கற்றுக் கொண்டேன். ஒருமுறை, இடம்பெயர்ந்த குடும்பங்களிடையே பரவிய வதந்திகளை மறுத்து நாங்கள் ஒரு துண்டுப் பிரசுரம் அச்சிட்டோம். "புதிய இடத்துக்குப் பதிந்தால் ஊழியர் சேமலாப நிதி போய்விடும் என்பது பொய்" என்பது போல, ஒவ்வொரு வதந்தியையும் பெரிய எழுத்தில் போட்டு, அது தவறு என்று கீழே விளக்கினோம். இரண்டு வாரம் கழித்து முதியவர்கள் சிலர் வந்து, "சேமலாப நிதி போயிருமாமே சாமி, தாள்லயே போட்டிருக்கே" என்றார்கள். எங்கள் தாளே வதந்தியைப் பரப்பியிருந்தது.

2005இல் இயன் ஸ்கர்னிக்கும் அவரது துணை ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில் இதே நிகழ்ச்சி அளக்கப்பட்டிருந்தது. சுகாதாரம் பற்றிய கூற்றுகளைக் காட்டி, இது உண்மை, இது பொய் என்று சொல்லிக் கொடுத்தார்கள். மூன்று நாட்களின் பின் கேட்டபோது, பொய் என்று ஒருமுறை சொல்லப்பட்ட கூற்றுகளில் 28 வீதத்தை முதியவர்கள் உண்மை என்றார்கள். பொய் என்று மூன்று முறை சொல்லப்பட்டவற்றில் 40 வீதத்தை உண்மை என்றார்கள். திரும்பத் திரும்பக் கேட்டதால் கூற்று பழக்கமாகிவிட்டது. "பொய்" என்ற ஒட்டுத்துண்டு மட்டும் விழுந்துவிட்டது. பழக்கமானது உண்மையாகவே தோன்றும்.

ஆகவே முதியவர்களுக்கு விளக்கும்போது வதந்தியைத் திரும்பச் சொல்ல வேண்டாம். உண்மையை மட்டும் நேராகச் சொல்லுங்கள். "சேமலாப நிதி உங்களுடையது, இடம் மாறினாலும் அது உங்களுடையதே" என்று சொன்னால் போதும். கடனுக்கு ஆள் தேடி வீடு வீடாக வருபவர்கள் ஒரே பேச்சைப் பலமுறை சொல்வதன் இரகசியமும் இதுதான் என்பதை நினைவில் கொள்வோம்.

திரும்ப வாசிப்பதை விடத் திரும்பச் சொல்வது மேல்

மறதி முதல் நாளில்தான் வேகமாக வேலை செய்கிறது என்று பார்த்தோம். அப்படியானால் அந்த முதல் நாளிலேயே அதை மறிக்க வேண்டும். எப்படி? பெரும்பாலோர் செய்வது, மீண்டும் மீண்டும் வாசிப்பது. அந்தத் தாயும் மூன்று முறை வாசித்தார்.

ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் 2006இல் இதைப் பல்கலைக்கழக மாணவர்களிடம் சோதித்தார்கள். ஒரு பகுதியை ஒரு சாரார் வாசித்துவிட்டு மீண்டும் வாசித்தார்கள். மறு சாரார் வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால், மீண்டும் வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. பார்க்காமல் எழுதியவர்கள் 56 வீதத்தையும், மீண்டும் வாசித்தவர்கள் 42 வீதத்தையும் நினைவில் வைத்திருந்தார்கள். முதியவர்களிடம் பின்னர் நடந்த ஆய்வுகளிலும் இந்த வழி பயன் தருவது தெரிந்திருக்கிறது.

எழுத வேண்டும் என்பதில்லை. தாளை மடித்து வைத்துவிட்டு, அதில் என்ன இருந்தது என்று வீட்டில் ஒருவரிடம் வாயால் சொன்னாலே போதும். மாலையில் ஒருமுறை, மறுநாள் ஒருமுறை, ஒரு வாரத்தில் ஒருமுறை சொல்லுங்கள். விட்டுப் போனதைத் தாளைத் திறந்து பார்த்துத் திருத்திக் கொள்ளுங்கள். எமது முன்னோர் எழுத்தில்லாமலே கதைகளையும் பாடல்களையும் பிள்ளைகளுக்குக் கொடுத்தது இப்படித்தான்.

பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு?

"படித்தவர்களுக்குச் சரி, நாங்கள் இரண்டாம் வகுப்போடு கொழுந்துக்குப் போனவர்கள்" என்று சிலர் கேட்பீர்கள். உண்மைதான். தோட்டத்துப் பள்ளிக்கூடங்கள் பல காலம் ஓர் அறையாகவும் ஓர் ஆசிரியராகவும் இருந்தன. வாசித்துப் பழகாதவர் மெதுவாகவே வாசிப்பார்.

ஆனால் கதவு மூடப்படவில்லை. ஸ்ரானிஸ்லாஸ் டெஹேன் என்ற பிரெஞ்சு அறிஞரின் குழு, பிரேசிலிலும் போர்த்துக்கலிலும் 63 பேரின் மூளையைப் படம் பிடித்து 2010இல் முடிவுகளை வெளியிட்டது. அவர்களில் 10 பேர் எழுத்தறியாதவர்கள், 22 பேர் வளர்ந்த பிறகு எழுத்துக் கற்றவர்கள், மற்றவர்கள் சிறுவயதிலேயே கற்றவர்கள். எழுத்தை அறிவதற்கென மூளையில் ஏற்படும் மாற்றங்களில் பெரும்பாலானவை, வளர்ந்த பின் கற்றவர்களிடமும் காணப்பட்டன. வயது வந்த பிறகும் மூளை எழுத்துக்கு இடம் ஒதுக்குகிறது. கொஞ்சமாகவேனும் தினமும் வாசிப்பவருக்கு எழுத்து இலேசாகும். எழுத்து இலேசானால் பொருளுக்கு இடம் கிடைக்கும்.

எது வயது, எது நோய்?

தாளில் உள்ள திகதி மறப்பது, கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது, பெயர் சற்றுப் பின்னர் நினைவுக்கு வருவது ஆகியவை வயதின் இயல்பு. பழகிய பாதையில் வழி தவறுவது, சமைக்கும் முறையே மறந்து போவது, ஒரே கேள்வியை ஒரு மணி நேரத்தில் பலமுறை கேட்பது, காசை எண்ணத் தடுமாறுவது ஆகியவை அப்படியல்ல. இவற்றைக் கண்டால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

எல்லா மறதியும் தீராத நோயும் அல்ல. தைரொயிட் குறைபாடு, பி12 உயிர்ச்சத்துக் குறைவு, சில மருந்துகள், குடிப்பழக்கம், நித்திரையின்மை ஆகியவற்றாலும் நினைவு குழம்பும். மனச்சோர்வும் அப்படியே. வீட்டையும் தோட்டத்தையும் உறவுகளையும் இழந்து, வேறோர் இடத்தில் இரவுகளைக் கழிப்பவரின் மனம் தாளில் பதியாமல் போவது வியப்பல்ல. அவருக்கு முதலில் தேவைப்படுவது, பக்கத்தில் அமர்ந்து பேச ஓர் ஆள்.

வீட்டில் செய்யக் கூடியவை

1. முக்கியமான தாளைப் பகல் வெளிச்சத்தில், கண்ணாடி அணிந்து வாசியுங்கள். வேலை முடிந்த களைப்பில் குப்பி விளக்கில் வாசிக்க வேண்டாம்.

2. ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள். ஒவ்வொரு நிபந்தனைக்கும் நிறுத்தி, "இதனால் எமக்கு என்ன?" என்று பேசிக் கொள்ளுங்கள்.

3. வாசித்த பின் தாளை மூடிவிட்டு, முதியவரைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறும்போது சிரிக்க வேண்டாம். அவசரப்படுத்தவும் வேண்டாம்.

4. "என்ன நினைவிருக்கிறது?" என்று வெறுமனே கேட்பதை விட, "விற்கலாமா, விற்கக் கூடாதா?" என்று கேட்டால் முதியவர் எளிதாக விடை சொல்வார். தானாக எடுத்துச் சொல்வதுதான் வயதில் கடினமாகிறது. கண்டால் அடையாளம் காணும் திறன் அவ்வளவு குறைவதில்லை.

5. திகதி, தொகை, இலக்கம் ஆகியவற்றை மனதுக்கு விட வேண்டாம். பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இதில் இளையவர்களுக்கும் விலக்கு இல்லை.

6. யார் தந்த தாள், எந்த நாளில் தந்தார் என்பதைத் தாளின் மூலையிலேயே எழுதி வையுங்கள்.

7. வாசித்த அன்றே கையெழுத்து வைக்க வேண்டாம். இரண்டு நாள் கழித்து மீண்டும் சொல்லிப் பார்த்து, விளங்கினால் வையுங்கள். அவசரப்படுத்துபவர் எவராயினும் சற்றுச் சந்தேகத்துடனேயே பாருங்கள்.

மாமியும் மருமகளும்

அந்தத் தாயிடம் திரும்பி வருவோம். அன்று அவருக்கு ஓர் இரவல் கண்ணாடி கிடைத்தது. மருமகள் சத்தமாக வாசித்தார். நிபந்தனைக்கு நிபந்தனை நிறுத்திப் பேசினோம். மூடி வைத்துவிட்டு இருவரும் திரும்பச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துப் போனேன். தாளைப் பார்க்காமல் இருவரையும் தனித்தனியே கேட்டேன்.

மருமகள் திகதியைச் சரியாகச் சொன்னார். கொண்டு போக வேண்டிய பத்திரங்களின் பெயர்களையும் சொன்னார். மாமியாரோ திகதியைத் தவறவிட்டார். 14ஆம் திகதி என்பதை "மாசக் கடைசி" என்றார். அதை மட்டும் நம்பியிருந்தால் நாள் தவறியிருக்கும். ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார்:

"அந்தக் காணிய விக்க ஏலாது சாமி. நாம அங்க போய் இருக்காட்டி திருப்பி எடுத்துருவாங்க. அப்போ மகன் கொழும்புல வேலைக்கு இருந்தா, வீட்ட பூட்டிப் போட்டுட்டு நாங்களும் அங்க போக முடியாது. யாராவது ஒரு ஆள் இருக்கணும். அத இப்பவே பேசி முடிக்கணும்."

மருமகள் அந்த நிபந்தனையை வாசித்திருந்தார். ஆனால் அது தங்கள் வீட்டுக்குள் வந்து என்ன செய்யும் என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை. மாமியார் எண்ணிப் பார்த்திருந்தார். ஒருமுறை கையிலிருந்த நிலம் போனதைக் கண்டவர் அல்லவா?

திகதி மருமகளிடம் நின்றது, பொருள் மாமியாரிடம் நின்றது. ஒருவரை ஒதுக்கியிருந்தால் அந்தக் குடும்பம் அரைத் தாளைத்தான் வாசித்திருக்கும்.

அடுத்த முறை உங்கள் வீட்டுக்கு ஒரு தாள் வரும்போது, அதை முதலில் வீட்டின் மூத்தவரிடம் கொடுங்கள். பேனாவைக் கொடுக்க இரண்டு நாள் பொறுத்திருங்கள்.